மலிவாகக் கிடைக்கும் தையல் மெஷின்: எந்தக் கோளாறு இருந்தால் வாங்கலாம், எது இருந்தால் விட்டுவிடலாம்

ஒரு மெஷின் சரியாகத் தைக்கவில்லை என்பது மட்டுமே அதை வேண்டாம் என்று சொல்லப் போதுமான காரணம் இல்லை. தையல் விடுகிறது, நூல் அறுகிறது, அடியில் நூல் குப்பையாகச் சேர்கிறது என்று மூலையில் போடப்பட்ட மெஷின்களில் பலவற்றுக்குத் தேவை ஒரு புது ஊசியும் நாலு சொட்டு எண்ணெயும்தான். அதே சமயம், கண் முன்னால் அழகாக ஓடிக் காட்டும் மெஷினுக்குள் ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரம் விரிசல் விட்டு, இன்னும் சில மாதத்தில் உடையக் காத்திருக்கலாம். ஆகவே வாங்கப் போகிறவர் பார்க்க வேண்டியது, இருக்கும் கோளாறு எந்த ரகம் என்பதைத்தான். சில கோளாறுகள் விலையைக் குறைத்துப் பேச உதவும். சில கோளாறுகள் இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் எடுக்கக் கூடாது.

கையில் எடுத்துப் போக வேண்டியவை: 90/14 எண்ணில் இரண்டு புது ஊசிகள் (வீட்டு மெஷினுக்கான தட்டைக் காம்பு ஊசி, பாக்கெட்டில் 15×1 அல்லது 130/705 என்று இருக்கும்), ஒரே தடிமனில் இரண்டு நிற பாலியஸ்டர் நூல், பருத்தித் துணி ஒரு துண்டு, ஜீன்ஸ் துணி ஒரு துண்டு, பனியன் துணி ஒரு துண்டு, கோடு போட்ட நோட்டுத்தாள் ஒன்று, சின்ன ஸ்க்ரூடிரைவர், பல் தேய்க்கும் பழைய பிரஷ், டார்ச். மெஷினில் ஏற்கெனவே மாட்டியிருக்கும் ஊசியை நம்பி எந்த முடிவுக்கும் வர வேண்டாம். முதல் வேலையே அதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டுவதுதான்.

கைச்சக்கரம் சுற்ற மறுக்கிறது, அல்லது கனமாகச் சுற்றுகிறது

கரண்ட் கொடுப்பதற்கு முன்பே இதைப் பாருங்கள். நூல், பாபின் (அடி நூல் சுற்றிய சின்ன உருளை) இரண்டையும் எடுத்துவிட்டு, துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டைத் தூக்கி வைத்து, சக்கரத்தை உங்கள் பக்கமாகக் கையால் சுற்றுங்கள். ஒரு முழுச் சுற்றும் ஒரே கனத்தில் போக வேண்டும்.

அசையவே இல்லையென்றால் முதலில் ஊசிக்குக் கீழே அதன் நூலைப் பிடிக்கும் கொக்கியான ஹூக் பகுதியை டார்ச் அடித்துப் பாருங்கள். ஹூக்குக்கும் அது சுழலும் வளையத்துக்கும் நடுவே நூல் சிக்கியிருப்பது மிகச் சாதாரணம். பாபின் கேஸ் (பாபின் உட்காரும் கூடு), ஹூக் இரண்டையும் கழற்றி நூலை எடுத்தால் சக்கரம் விடுபடும்.

நூல் ஏதும் இல்லை, ஆனாலும் இறுகியிருக்கிறது என்றால், நகரும் மூட்டுகளில் என்ன படிந்திருக்கிறது என்று பாருங்கள். தேன் நிறத்திலோ பழுப்பாகவோ வார்னிஷ் போலப் படிந்திருந்தால் அது காய்ந்த எண்ணெய். சமையல் எண்ணெய் விட்டிருந்தால் இது இன்னும் மோசமாகப் பிசின் கட்டும். பார்க்கப் பயமாக இருந்தாலும் இது சரியாகிற கோளாறு. ஒவ்வொரு மூட்டிலும் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டுக் கரைத்து, துடைத்து, பிறகு தையல் மெஷின் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊற வைத்தால் பெரும்பாலும் இளகும். இளகும்போது சக்கரத்தை முன்னும் பின்னும் கொஞ்சமாக ஆட்ட வேண்டும். முரட்டு பலம் கொடுத்தால் உள்ளே ஏதாவது வளையும். கெட்டி இரும்பு மெஷினில் இந்தக் கோளாறு இருந்தால் பாதி விலைக்குப் பேசி வாங்கலாம்.

துரு விஷயம் அப்படி இல்லை. வெளித்தகட்டிலும் திருகுகளிலும் இருக்கும் துரு பரவாயில்லை. நீடில் பார் (ஊசியைத் தாங்கும் கம்பி), பிரஷர் ஃபுட்டைத் தாங்கும் கம்பி, ஹூக் ஆகிய மூன்றில் எதிலாவது துரு அரித்துக் குழி விழுந்திருந்தால் விட்டுவிடுங்கள். துருவைத் தேய்த்து எடுக்கலாம். குழியை நிரப்ப வழியில்லை. அது நூலைக் கிழிக்கும், கம்பி ஏறி இறங்கும் குழாயான புஷ்ஷைத் தேய்க்கும்.

ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் மட்டும் தடை வருகிறதா? ஊசியைக் கழற்றிவிட்டு மறுபடி சுற்றுங்கள். தடை போய்விட்டால் ஊசி எங்கோ இடிக்கிறது என்று பொருள், அது சின்ன வேலை. ஊசி இல்லாமலும் அதே இடத்தில் தடுத்தால் பெல்ட்டைக் கழற்றி மோட்டாரைத் தனியாகச் சுற்றிப் பாருங்கள். மோட்டார் சுலபமாகச் சுற்றி, மெஷின் மட்டும் தடுத்தால் ஷாஃப்ட் (உள்ளே சுழலும் தண்டு) வளைந்திருக்கலாம், பல்சக்கரத்தில் ஏதாவது பல் போயிருக்கலாம். கீழே விழுந்த மெஷின்களில் இதைப் பார்க்கலாம். விரல் நகத்தால் உடம்பு முழுக்கத் தடவி விரிசல் தேடுங்கள். இரும்பு வார்ப்பில் விரிசல் இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

சக்கரம் சுற்றுகிறது, ஊசி அசையவில்லை

“மெஷின் போச்சு” என்று சொல்லித் தள்ளிவிடப்படும் மெஷின்களில் இது அடிக்கடி வரும், காரணமோ மிக எளிது. பாபினில் நூல் சுற்றுவதற்காகச் சக்கரத்தின் நடுக்குமிழைத் தளர்த்தியிருப்பார்கள், திரும்ப இறுக்கியிருக்க மாட்டார்கள். இறுக்கினால் ஊசி ஓடும். இறுக்கியும் பிடிக்கவில்லையென்றால் குமிழுக்குப் பின்னால் இருக்கும் வாஷரை எடுத்து அரைச் சுற்றுத் திருப்பி மாட்டுங்கள். அதன் உள்பக்கக் காதுகள் தவறான திசையில் உட்கார்ந்தால் பிடிப்பு வராது.

ஊசி ஏறி இறங்குகிறது, கீழே ஹூக் மட்டும் அசையவில்லை என்றால் விஷயம் வேறு. உலோகப் பல்சக்கரம் உள்ள மெஷினில் ஏதோ ஒரு திருகு தளர்ந்திருக்கும். இறுக்கி, டைமிங்கை, அதாவது ஊசியும் ஹூக்கும் சந்திக்கும் நேரத்தை, மறுபடி வைத்தால் போதும். பிளாஸ்டிக் பல்சக்கரமோ ரப்பர் டைமிங் பெல்ட்டோ இருக்கும் மெஷினில் அது உடைந்திருக்கும். அந்த மாடலுக்கு உதிரிபாகம் கிடைக்கிறது என்று உறுதியாகத் தெரியாமல் பணம் கொடுக்காதீர்கள்.

தையல் விடுகிறது, அல்லது அடி நூலே மேலே வரவில்லை

இந்த ஒரு கோளாறுக்காகவே நல்ல மெஷின்கள் நிறைய கைமாறுகின்றன. வரிசையாகப் போங்கள், நடுவில் தாவ வேண்டாம்.

முதலில் ஊசி. காம்பு மேலே முட்டும்வரை ஏற்றி இறுக்குங்கள். ஊசியின் தட்டைப் பக்கம் ஹூக் இருக்கும் பக்கம் பார்க்க வேண்டும். நீளமான பள்ளம் இருக்கும் பக்கத்திலிருந்துதான் நூல் கோக்க வேண்டும். பாபினை முன்புறமாகவோ மேலிருந்தோ போடும் மெஷின்களில் தட்டைப் பக்கம் பின்னால் போகும். பாபினை இடதுபுறமாகப் போடும் பழைய கறுப்பு மெஷின்களில் தட்டைப் பக்கமும் பக்கவாட்டில் இருக்கும். திருப்பி மாட்டினால் ஒரு தையல்கூட விழாது.

அடுத்து துணி. பருத்தியில் நன்றாகத் தைத்து, பனியன் துணியில் மட்டும் தையல் விட்டால் கோளாறு மெஷினில் இல்லை. பனியன் துணிக்கு முனை மழுங்கிய பால் பாயின்ட் ஊசி வேண்டும். ஜீன்ஸ் மடிப்பில் மட்டும் விட்டால் 100/16 ஊசி போட்டுப் பாருங்கள்.

இவ்வளவுக்கும் பிறகும் விட்டால் டைமிங்கைப் பார்க்க வேண்டும். ஊசி இறங்கும் துளையுள்ள பிளேட்டைக் கழற்றி, சக்கரத்தைக் கையால் சுற்றி ஊசியை அடிமட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். அங்கிருந்து ஊசி 2 முதல் 2.5 மி.மீ. மேலே ஏறும் நேரத்தில், ஹூக்கின் கூர்முனை ஊசியின் நடுவைக் கடக்க வேண்டும். ஊசிக்கண்ணின் மேல்விளிம்பிலிருந்து ஒன்றரை இரண்டு மி.மீ. உயரத்தில் கடக்க வேண்டும். ஊசி மேலேறத் தொடங்கும்போதுதான் அதன் பின்னால் நூல் சின்ன வளையமாகப் பிதுங்கும். ஹூக் அந்த வளையத்தைப் பிடிக்கிறது. சீக்கிரம் வந்தால் வளையம் இன்னும் உருவாகியிருக்காது. தாமதமாக வந்தால் ஊசிக்கண்ணே ஹூக்கைத் தாண்டிப் போயிருக்கும். ஹூக் முனைக்கும் ஊசிக்கும் இடையே தாள் கனம் அளவு இடைவெளிதான் இருக்கலாம். உரசக் கூடாது, விலகவும் கூடாது.

ஹூக் முனை ஊசிக்கண்ணைவிட மிக மேலே கடந்தால், நீடில் பார் கீழே சரிந்திருக்க வாய்ப்பு அதிகம்; கண்ணுக்கு நேராகவோ கீழேயோ கடந்தால், தடித்த துணியில் இடிபட்டு மேலே ஏறியிருக்கும். முகத்தகட்டைத் திறந்தால் அதைப் பிடிக்கும் ஒரே ஒரு திருகு தெரியும், தளர்த்தி உயரத்தைச் சரிசெய்யலாம். மெக்கானிக்குக்கு அரை மணி நேர வேலை. வாங்கலாம். ஹூக் முனை உடைந்திருந்தாலோ மழுங்கியிருந்தாலோ, ஹூக் விலையைக் கேட்டு அதையும் கணக்கில் சேர்த்த பிறகு முடிவெடுங்கள்.

ஒரு விசேஷமான அறிகுறி உண்டு. ஊசியை முழுக்க ஏற்றினால் தைக்காமல், பாதியில் நிறுத்தி மாட்டினால் மட்டும் தைக்கிறதா? ஒன்று நீடில் பார் இடம் மாறியிருக்கிறது, இல்லாவிட்டால் அந்த மெஷினுக்கு வேறு ஊசி. சிங்கர் 206, 306, 319 மாடல்களுக்கு 206×13 ஊசிதான். 15×1 போட்டால் ஹூக்கில் இடிக்க வாய்ப்புண்டு. மிகப் பழைய சிங்கர் 12-க்கு 12×1 ஊசி. சாதாரணக் கடைகளில் இவை கிடைப்பது அரிது. எவ்வளவு அழகான மெஷினாக இருந்தாலும், ஊசி தேடி அலைய வேண்டுமென்றால் தினசரித் தையலுக்கு அது உதவாது. கண்ணாடி அலமாரியில் வைக்க வாங்குவது தனிக் கதை.

துணிக்கு அடியில் நூல் சுருள்கிறது

மேலே சிவப்பு, கீழே நீலம் என்று இரண்டு நிற நூல் போட்டுப் பருத்தியில் பத்து சென்டிமீட்டர் தையுங்கள். அடியில் சிவப்பு நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் எல்லோரும் பாபினைக் குடைவார்கள். தப்பு. அடியில் தெரிவது மேல் நூல், ஆகவே கோளாறும் மேலேதான்.

பிரஷர் ஃபுட்டைத் தூக்கி வைத்து மேல் நூலை முழுக்கக் கழற்றித் திரும்பக் கோத்துவிடுங்கள். ஃபுட் இறங்கியிருக்கும்போது நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் மூடியிருக்கும், நூல் நடுவில் உட்காராது. மேலும் கீழும் ஆடி நூலை இழுக்கும் டேக்-அப் லிவரின் துளையில் நூல் போகிறதா என்றும் பாருங்கள். அதை விட்டால் இரண்டே நொடியில் அடியில் நூல் கூடு கட்டிவிடும். இப்போது ஊசியருகே நூலை இழுத்துப் பாருங்கள். ஃபுட் தூக்கியிருக்கையில் வழுக்கிக்கொண்டு வர வேண்டும், இறக்கியதும் இறுக வேண்டும். இரண்டு நிலையிலும் ஒரே மாதிரி வந்தால் தட்டுகளுக்கு நடுவே பஞ்சு அடைத்திருக்கும், அல்லது அவற்றைத் திறக்கும் பின் சிக்கியிருக்கும். மடித்த துணியை இடையில் விட்டு இழுத்தாலே பஞ்சு வந்துவிடும்.

மேல்பக்கம் நீலம் எட்டிப் பார்த்தால் பாபின் கேஸைப் பாருங்கள். தனியாகக் கழன்று வரும் கேஸ் என்றால், பாபினைப் போட்டு நூலைப் பிடித்துத் தொங்க விடுங்கள். தானாக இறங்காமல் நிற்க வேண்டும். கையை லேசாக உதறினால் சில சென்டிமீட்டர் இறங்கி நிற்க வேண்டும். சரசரவென்று இறங்கினால் தளர்வு. பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்புங்கள். ஸ்பிரிங்கில் நூல் ஓடி ஓடித் தடம் விழுந்திருந்தால் கேஸையே மாற்றுவது நல்லது. 15 வகை என்ற பரவலான பாபின் கேஸ், மெஷினின் மலிவான பாகங்களில் ஒன்று. அதற்காக மெஷினை வேண்டாம் என்று சொல்ல வேண்டாம்.

நூல் அறுகிறது

அறுந்த முனையைக் கண்ணுக்கு அருகே வைத்துப் பாருங்கள், பாதி விடை அதிலேயே இருக்கும். இழை இழையாகப் பிரிந்திருந்தால் எங்கோ உரசுகிறது: ஊசிக்கண் சின்னது, அல்லது பிளேட் துளையில் ஊசி குத்திக் குத்திப் பிசிறு எழும்பியிருக்கிறது, அல்லது ஹூக்கில் கீறல். நறுக்கென்று வெட்டியதுபோல் இருந்தால் கூர்மையான விளிம்பு ஒன்று வழியில் இருக்கிறது. சுருண்டு அறுந்திருந்தால் டென்ஷன் அதிகம். பிளேட் துளையையும் ஹூக்கையும் பஞ்சால் மெல்லத் துடையுங்கள். பிசிறு இருக்கும் இடத்தில் பஞ்சு மாட்டும். 1000 எண் எமரி தாளால் தேய்த்தால் போய்விடும். இது பேரம் பேச நல்ல காரணம், அவ்வளவுதான்.

கால்மிதி மெஷினில் தொடங்கும் நொடியிலேயே நூல் அறுந்தால் சக்கரம் பின்பக்கமாகச் சுற்றிவிட்டது என்று அர்த்தம். மிதிப் பழக்கம் வந்தால் அது நிற்கும். மிதி கனமாக இருந்தால் தோல் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்டாண்டை மட்டும் மிதித்துப் பாருங்கள். காலை எடுத்த பிறகும் பெரிய சக்கரம் சில சுற்று தானாக ஓட வேண்டும்.

துணி நகரவில்லை, அல்லது கோணலாகப் போகிறது

தையல் நீளம் பூஜ்யத்தில் இருக்கிறதா, துணியை நகர்த்தும் பற்களை இறக்கும் லிவர் இறங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு பிளேட்டைக் கழற்றுங்கள். பற்களுக்கு இடையே பஞ்சு அழுந்தி அழுந்திக் கம்பளிபோல் கெட்டியாகியிருக்கும். ஸ்க்ரூடிரைவர் முனையால் நெம்பி எடுங்கள். பற்கள் உச்சத்துக்கு வரும்போது பிளேட்டுக்கு மேலே சுமார் 1 மி.மீ. தெரிய வேண்டும். கட்டைவிரலால் தடவினால் முனை உறுத்த வேண்டும். வழவழவென்றிருந்தால் தேய்ந்துவிட்டது, அந்த மாடலுக்குப் பற்கள் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள்.

இப்போது நோட்டுத்தாள். நூல் இல்லாமல், தையல் நீளத்தை 2.5-இல் வைத்து, தாளின் கோட்டின் மேலேயே ஓட்டுங்கள். 5 செ.மீ. நீளத்தில் ஏறக்குறைய 20 துளைகள் விழும். ரிவர்ஸ் லிவரை அழுத்தி அதே வழியில் திரும்பி வாருங்கள். தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். துளைகள் ஒரே சீராக, ஒரே கோட்டில் இருந்தால் பற்கள், ஃபுட், நீடில் பார் மூன்றும் நல்ல நிலையில் இருக்கின்றன. துளைகள் இடமும் வலமுமாக அலைந்தால் நீடில் பாரை விரலால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் அளவு ஆடினால் புஷ் தேய்ந்த மெஷின். நிறைய ஓடி ஓய்ந்தது. நாங்கள் அதை வாங்கச் சொல்ல மாட்டோம். முன்னால் நேராகவும் ரிவர்ஸில் மட்டும் கோணலாகவும் போனால் ஃபுட் வளைந்திருக்கலாம்; வேறு ஃபுட் மாட்டிப் பாருங்கள்.

ஜிக்ஜாக் வரவில்லை, குமிழ் திரும்பவில்லை

வருடக்கணக்கில் நேர்த்தையலே போட்டிருந்தால் ஜிக்ஜாக் பகுதியில் எண்ணெய் காய்ந்து இறுகிவிடும். குமிழை பலவந்தமாகத் திருப்பாதீர்கள், விற்பவரையும் திருப்ப விடாதீர்கள். உள்ளே இருக்கும் கேமின் (ஜிக்ஜாக் வடிவத்தைத் தரும் சக்கரத்தின்) மேல் ஓடும் விரல் உடைந்தால் முடிந்தது கதை. ஹேர் டிரையரால் மிதமாகச் சூடேற்றி எண்ணெய் விட்டால் மெல்ல இளகும், ஆனால் அது வீட்டில் பொறுமையாகச் செய்யும் வேலை. நேர்த்தையல் மெஷினுக்கு உரிய விலை மட்டும் பேசுங்கள்.

சத்தம்

ஒரே தாளத்தில் டக் டக் என்றால் ஊசி இடிக்கிறது, அல்லது ஹூக்கில் நூல் துணுக்கு. காய்ந்த கீச்சென்ற ஒலிக்கு எண்ணெய் போதும். ஜீன்ஸ் நாலு மடிப்பு ஏறும்போது மட்டும் சத்தம் பெரிதானால் உள்ளே ராடுகள் தேய்ந்திருக்கலாம்.

அடியிலிருந்து கரகரவென்ற அரைக்கும் ஒலி வந்தால் மெஷினைச் சாய்த்து அடித்தகட்டைத் திறக்கச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் பல்சக்கரங்களில் டார்ச்சை அடித்து, ஷாஃப்டிலிருந்து பல்லின் அடிவாரம்வரை முடிபோல் விரிசல் ஓடுகிறதா என்று ஒரு முழுச் சுற்றும் பாருங்கள். சிங்கரின் டச் அண்ட் ஸோ வரிசையில் இந்தப் பல்சக்கரங்கள் வயதாகி உடைவது எல்லா மெக்கானிக்குகளுக்கும் தெரிந்த விஷயம். பெர்னினா 830 ரெக்கார்ட் போன்ற உயர்ந்த மெஷினிலும் கேம் அடுக்கின் பல்சக்கரம் விரிசல் விடும். பெயரைப் பார்த்து மயங்காமல் பல்லைப் பாருங்கள்.

மோட்டார்

வயரைத் தொடும் முன் பாருங்கள். இன்சுலேஷன் நொறுங்கி உதிர்ந்தால் பிளக்கில் மாட்டவே வேண்டாம். பிறகு மோட்டார் லேபிள்: 110 அல்லது 120 வோல்ட் என்றிருக்கும் மெஷினை 230 வோல்ட்டில் நேரடியாக மாட்டினால் மோட்டார் எரியும்.

பிளக் மாட்டியதும் மிதிக்காமலே ஓடினால் உடனே பிடுங்குங்கள், பெடலுக்குள் ஷார்ட். மெதுவாக ஓடாமல் சட்டென்று முழு வேகத்துக்குப் பாய்ந்தாலும் பெடல்தான். பெடலை மாற்றலாம், பயப்பட வேண்டாம். மோட்டார் முனகுகிறது ஆனால் சுற்றவில்லை என்றால் பெல்ட்டைக் கழற்றுங்கள். தனியாக ஓடினால் மெஷின் இறுகியிருக்கிறது. தனியாகவும் ஓடவில்லையென்றால் மோட்டாருக்குள் கரண்ட் கொண்டுசேர்க்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். பிரஷ் அருகே சின்ன நீலப்பொறி இயல்பு. ஆரஞ்சு நிறத்தில் சுற்றிலும் வளையமாகப் பொறி பறந்தால் மோட்டாரே போகப் போகிறது. பத்து நிமிடம் ஓட்டிவிட்டுத் தொடுங்கள்: வெதுவெதுப்பு சரி, கருகல் வாசனை ஆகாது. உடம்பில் லேசாக ஷாக் அடித்தாலும் சோதனையை நிறுத்துங்கள்.

“பிளக் மட்டும் இல்லை, மற்றபடி ஓடும்” என்றால் மோட்டார் இல்லாத மெஷின் என்றே எண்ணி விலை பேசுங்கள். கம்ப்யூட்டர் மெஷினில் திரை எரிந்தும் ஊசி அசையாமல் பிழை எண் மட்டும் வந்தால் விட்டுவிடுங்கள். போர்டு மாற்றும் செலவில் நல்ல இரும்பு மெஷின் வாங்கலாம். மோட்டாரில் 3 ஃபேஸ் என்று எழுதியிருக்கும் தொழிற்சாலை மெஷினும் ஒற்றை ஃபேஸ் மட்டும் உள்ள வீட்டு இணைப்பில் ஓடாது. மோட்டார் மாற்றும் செலவையும் விலையோடு சேருங்கள்.

புதிது, ஆனால் நம்ப முடியாத விலை

கைக்குள் அடங்கும் ஸ்டேப்ளர் வடிவ மெஷின் ஒற்றை நூலில் சங்கிலித் தையல் போடும். கடைசி முனையை இழுத்தால் மொத்தமும் பிரிந்து வரும். இது கோளாறு இல்லை, அதன் இயல்பே அப்படி. நாலு பேட்டரியில் ஓடும் குட்டி மேசை மெஷின்கள் மேல் நூல், அடி நூல் இரண்டும் போட்டு ஒழுங்காகவே தைக்கும், மெல்லிய பருத்தி இரண்டு மடிப்புவரை. ஜீன்ஸ் வைத்தால் நின்றுவிடும். பலவற்றில் தையல் நீளத்தை மாற்ற வழியில்லை. பழுதானால் பாகம் கிடைக்காது. ஆடை தைக்கக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு இதை வாங்கித் தருவது அவர்கள் ஆர்வத்தையே கெடுக்கும். அதே பணத்துக்கு, நேர்த்தையல் மட்டும் போடும் பழைய இரும்பு மெஷின் ஆயிரம் மடங்கு மேல்.

பாகங்கள் குறைகின்றன

பெட்டியைத் திறந்து பாபின் கேஸ், பாபின், பெடல், ஃபுட் நான்கும் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். பாபின் வகையைக் கலக்காதீர்கள்: 15 வகையின் பக்கங்கள் தட்டை, 66 வகையின் பக்கங்கள் லேசாக உப்பியிருக்கும். ஒன்றை மற்றதில் போட்டால் நூல் சிக்கும். படகு வடிவ ஷட்டில் (அடி நூலைத் தாங்கும் கூடு) போட்ட பழைய மெஷினில் ஷட்டிலே இல்லையென்றால், அது தனியாகக் கிடைத்த பிறகு வந்து மெஷினை வாங்குங்கள்.

பேரம் முடிந்து எடுத்துப் போகும்போது ஊசியைக் கழற்றி, ஃபுட்டுக்கு அடியில் மடித்த துணியை வைத்து இறக்கிவிடுங்கள். தலையைத் தனியாகத் தூக்குங்கள், சக்கரத்தைப் பிடித்துத் தூக்க வேண்டாம். வீடு போய் எண்ணெய் விட்டதும் முதல் அரை மணி நேரம் கழிவுத் துணியில் நூல் இல்லாமல் ஓட்டுங்கள். கறுப்பாக வழியும் பழைய எண்ணெய் நின்று, துணியில் கறை விழாமல் ஆன பிறகு நல்ல துணியை வையுங்கள்.